பாத்திரமேற்றலும் பண்டமாதலும்: தொடக்ககாலக் கணினி ஆட்டங்கள் குறித்து வன்னியிலிருந்து ஒரு நோக்கு

1

தமிழில் ‘ஆட்டம்’ என்னும் சொல் விளையாட்டையும் கூத்தையும் ஒருங்கே குறிப்பது. தாயம் ஆடுபவரும் கோவலன் கூத்து ஆடுபவரும் நமது வழக்கில் ஆடுபவர்களே. விளையாட்டு வேறு, நாடகம் வேறு எனப் பிரித்து நோக்கும் கல்விமரபு இச்சொல்லொற்றுமையை அதிகம் பொருட்படுத்தியதில்லை. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் பரவியுள்ள ஒரு கலைவடிவம் இவ்விரண்டையும் மீண்டும் ஓரிடத்திற் கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே கற்பனை உலகொன்றில் நடமாடி, பொருதி, பொருளீட்டி, வலிமை பெற்றுச் செல்லும் கணினி ஆட்டமே அது. பாத்திரமேற்பு ஆட்டம் என அதனை இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவ்வடிவம் பற்றி நம்மிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஏகாதிபத்தியப் பண்பாடு இளைஞர்க்கு ஊட்டும் நஞ்சு என இதனை ஒரே சொல்லில் ஒதுக்குவது ஒன்று. நுட்பவியலின் சாதனை என வியந்து, அதற்கு அப்பால் எதுவும் கேளாதிருப்பது மற்றொன்று. முன்னையது கொச்சை மார்க்சியத்தின் சோம்பல். பின்னையது பண்ட வழிபாடு. இவ்வடிவம் எத்தகைய உற்பத்தி உறவுகளிடையே உருவாயிற்று, எவற்றைச் சுவீகரித்தது, எவற்றைக் கைவிட்டது என்னும் வினாக்களை இரண்டும் தவிர்த்து விடுகின்றன. நாவலின் தோற்றத்தை ஆராய்வோர் அச்சுயந்திரத்தையும் வாசகர் வர்க்கத்தையும் ஆராய்வது போலவே, இவ்வடிவத்தின் தோற்றத்தையும் ஆராய்தல் வேண்டும்.

பாத்திரமேற்றல் என்பது மேசையொன்றைச் சுற்றியிருந்த சிறு குழுவின் கூட்டுக் கற்பனையாகத் தோன்றியது. கணினி அதிலிருந்து கணக்கை எடுத்துக்கொண்டது. உரையாடலை வெளியே விட்டது. சந்தை அக்கணக்கைப் பண்டமாக்கி உலகெங்கும் அனுப்பியது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. போர் 2009 மே வரை ஆட்டமாக அன்றி வாழ்வாகவே இருந்த வன்னிப் பெருநிலத்திலிருந்து நோக்கும்போது இவ்வரலாறு தனியான முக்கியத்துவம் பெறுகின்றது.

2

இவ்வாட்டங்களின் மூதாதை பிரசியப் படைத்துறையில் உள்ளது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படையதிகாரி வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டம் நிலப்படம், தாயக்கட்டை, நடுவர் ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்தது. போரின் தற்செயல்களைத் தாயக்கட்டையும், விதிகளுக்குள் அடங்காதவற்றை நடுவரின் அனுபவமும் தீர்மானித்தன. படையதிகாரிகளின் பயிற்சிக்கருவியாக இருந்த இது இருபதாம் நூற்றாண்டில் மத்தியதர வர்க்கத்தாரின் பொழுதுபோக்காயிற்று. எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை விளக்கி ஒரு நூலே எழுதினார்.

அடிப்படை மாற்றம் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. மினசோட்டா மாநிலத்திற் போராட்டங்களில் ஈடுபட்டிருந்த குழுவொன்றில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் பிறவுண்ஸ்ரைன் என்னும் கற்பனை நகரைக் களமாகக் கொண்ட ஆட்டமொன்றை நடத்தினார். அதில் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படைக்குப் பதிலாக ஒரு மனிதன் கொடுக்கப்பட்டான். நகர முதல்வர், வங்கியாளர் என அவரவர்க்கு ஒரு சமூகப் பாத்திரமும் நோக்கமும் இருந்தன. படைத்தலைவன் நிலப்படத்தை மேலிருந்து நோக்கும் பார்வை நீங்கி, தெருவில் நிற்கும் ஒருவனின் பார்வை வந்தது. இக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதனை நிலவறைகளும் அரக்கரும் நிறைந்த கற்பனை உலகொன்றுக்கு மாற்றினார். விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவாவில் வாழ்ந்த கறி கைகக்ஸ் அவருடன் இணைய, 1974இல் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிறாகன்ஸ்’ என்னும் விதிநூல் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. நிலவறைகளும் பறவைநாகங்களும் என அத்தலைப்புப் பொருள்படும்.

இவ்வாட்டத்தின் இலக்கிய மூலங்கள் ஊன்றி நோக்கத் தக்கவை. குள்ளர், வனதேவர், அரக்கர் முதலாய இனங்கள் ரொல்கினின் படைப்புகளிலிருந்து பெறப்பட்டவை. ரொல்கின் சொத்துரிமையாளரின் ஆட்சேபத்தால் ‘ஹொபிற்’ என்னும் பெயரைப் பின்னர் கைவிட நேர்ந்தது. ஆயின் இனங்கள் ரொல்கினுடையவையாக இருந்தபோதும் வாழ்க்கைநெறி வேறிடத்திலிருந்து வந்தது. றொபேட் ஹோவர்ட், ஃபிறிற்ஸ் லைபர் முதலியோரின் மலிவுப்பதிப்புக் கதைகளில் வரும் கூலி வாள்வீரனும் கள்வனுமே இவ்வாட்டத்தின் மெய்யான தலைமக்கள். ரொல்கினின் பெருங்கதை ஒரு பொருளை அழித்துத் தொலைப்பதற்கான பயணம். இவ்வாட்டமோ பொருளைத் தேடிச் சேர்ப்பதற்கான பயணம். ஒரு கதையின் மாந்தரை எடுத்துக்கொண்டு அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கியமை தற்செயலன்று. அவ்வாறு மாற்றியமைத்த சமூகத்தின் விழுமியம் அதிற் பதிந்துள்ளது.

1974இன் விதிகளின்படி, நிலவறையிலிருந்து கவர்ந்து வரும் ஒரு பொன் நாணயத்துக்கு ஓர் அனுபவப் புள்ளி. அனுபவம் பெருகப் பாத்திரத்தின் படிநிலை உயரும். படிநிலை உயர மேலும் கொடிய எதிரியை வென்று மேலும் பொன் கவரலாம். பொன்னை அனுபவமாகவும் அனுபவத்தை மேலும் பொன்னாகவும் மாற்றும் இச்சுழற்சியில் மூலதனத்தின் இயக்கத்தைக் காண்பது மிகையாகாது. மனிதன் தன் வாழ்விற் கற்றுணர்வதைக் குறிக்கும் ‘அனுபவம்’ என்னும் சொல் இங்கு எண்ணத்தக்க திரட்சியாகிவிட்டது.

எனினும் மேசையாட்டத்தில் இச்சுழற்சிக்கு ஒரு மறுதலை இருந்தது. அதுவே நடுவர். அவரிடம் எதனையும் கேட்கலாம். அரக்கனுடன் பேசலாம், கையூட்டுக் கொடுக்கலாம், அவனோடு கூட்டுச் சேரலாம். விதிநூலிற் சொல்லப்படாத ஒன்றைச் செய்வேன் என ஒருவர் கூறினால் நடுவரும் குழுவினரும் அதனை விவாதித்துத் தீர்த்தனர். கதை அங்கு ஒருவரின் உடைமையாக இருக்கவில்லை. நமது கூத்து மரபில் அண்ணாவியார் வகிக்கும் இடத்தோடு நடுவரின் இடம் பல வகையில் ஒப்பிடத் தக்கது.

3

விதிநூல் வெளிவந்த மறு ஆண்டே இவ்வாட்டம் கணினிக்குச் சென்றது. அது சென்றடைந்த இடம் பல்கலைக்கழகம். இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் பிளேற்றோ என்னும் கணினிக் கல்வி அமைப்பு முதலிற் படைத்துறை நிதியிலும் பின்னர் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியிலும் வளர்ந்தது. பாடம் கற்பிப்பதற்கென அமைந்த அதன் முனையங்களில் 1975இல் றஸ்ரி றதர்பேட் நிலவறை ஆட்டமொன்றை எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பெடிற்5’. சனத்தொகை, சக்தி பற்றிய ஆய்வுக்குழுவுக்கு ஒதுக்கப்பட்ட பாடக்கோப்புகளில் ஒன்றின் பெயர் அது. கல்விக்குப் புறம்பானது என நிருவாகம் அதனை அழித்தது. மாணவர் அதனை மீண்டும் கொண்டுவந்தனர். அதே ஆண்டிற் கறி விசன்ஹன்ற், றே வூட் ஆகிய தென்இலினோய்ப் பல்கலைக்கழக மாணவர் ‘டிஎன்டி’ என்னும் ஆட்டத்தை அவ்வமைப்பில் எழுதினர். 1977இல் வந்த ‘ஊப்ளியற்’, வெவ்வேறு முனையங்களில் இருப்போர் ஒரு குழுவாகச் சேர்ந்து நிலவறைக்குட் செல்ல இடமளித்தது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் றோய் றப்ஷோவும் றிச்சட் பாட்டிலும் பலர் ஒரே வேளையில் நடமாடும் சொல்லாலான உலகொன்றைப் படைத்தனர். 1980இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவரான மைக்கல் ரோய், கிளென் விக்மன் ஆகியோர் உருவாக்கிய ‘றோக்’, பேர்க்லியின் யுனிக்ஸ் மென்பொருளோடு சேர்ந்து பல்கலைக்கழகம் தோறும் பரவியது. ஆடும் ஒவ்வொரு முறையும் நிலவறையைப் புதிதாக அமைத்துத் தருவது அதன் சிறப்பு.

இம்முதற் பருவத்தின் உற்பத்தி உறவு குறிப்பிடத் தக்கது. கருவி பொது நிதியில் வாங்கப்பட்டது. உழைப்பு மாணவரின் ஓய்வுநேர உழைப்பு. ஆக்கத்துக்கு விலையில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி விரித்தார். ஏட்டுப்பிரதியைப் பெயர்த்தெழுதும்போதே திருத்தியும் சேர்த்தும் சென்ற நமது கூத்து மரபுக்கு இது அந்நியமானதன்று. அதேவேளை இக்கருவி பனிப்போர்க் காலப் படைச்செலவின் பயன் என்பதையும், அதனை அணுகும் வாய்ப்பு அமெரிக்க, ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவர் என்னும் மிகச் சிறிய பகுதியினருக்கே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இப்பருவத்திலேயே வடிவத்தின் உள்ளடக்கமும் சுருங்கியது. நடுவரின் பணியிற் கணக்கிடத் தக்கவற்றைக் கணினி விரைவாகச் செய்தது. தாயக்கட்டையை உருட்டியது, அடியின் வலிமையைக் கணித்தது, நிலவறையின் படத்தை நினைவிற் கொண்டது. கேட்டு, விவாதித்து, இணங்கி, மறுத்து நிற்கும் பணியை அக்காலக் கணினியாற் செய்ய முடியவில்லை. எனவே அரக்கனுடன் பேசுதல் மறைந்து, மிகப் பெரும்பாலும் வெட்டுதலும் ஓடுதலுமே எஞ்சின. பாத்திரம் என்பது வலிமை, அறிவு, உயிர்நிலை என்னும் சில எண்களின் அட்டவணையாயிற்று. இதனை எவரும் சதியாலோ தீய நோக்கத்தாலோ செய்யவில்லை. கருவியின் எல்லை வடிவத்தின் எல்லையாயிற்று; பின்னர் அவ்வெல்லையே இயல்பு எனக் கொள்ளப்பட்டது. கருத்துநிலை தொழிற்படும் முறைக்கு இது தக்க சான்று.

4

இரண்டாம் பருவம் வீட்டுக் கணினியோடு தொடங்குகின்றது. ரெக்சாசில் உயர்பள்ளி மாணவராக இருந்த றிச்சட் கறியற் அப்பிள் கணினிக்கென எழுதிய ‘அக்கலபெத்’ முதலில் அவர் வேலை செய்த கணினிக் கடையில் பிளாஸ்ரிக் உறைகளில் இட்டு விற்கப்பட்டது. தலைப்பு ரொல்கினிடமிருந்து வந்தது. 1981இல் அவரது ‘அல்ரிமா’ வரிசையின் முதல் ஆட்டம் வெளிவந்தது. அதே ஆண்டிற் கோர்னல் பல்கலைக்கழக மாணவரான அன்ட்று கிறீன்பேர்க்கும் றொபேட் வூட்ஹெட்டும் எழுதிய ‘விசாட்றி’ வெளியாயிற்று. பிளேற்றோ முனையங்களிற் குழுவாக ஆடிய ஆட்டங்களின் சாயல் அதில் வெளிப்படை. ஆயின் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பிளேற்றோவில் ஒரு குழு என்பது பல மனிதர். விசாட்றியில் ஆறு பாத்திரங்களைத் தனியொருவரே தம் அறையிலிருந்து இயக்கினார். பலர் கூடி ஆடியதன் தோற்றம் எஞ்சியது. பலரின் உறவு எஞ்சவில்லை. தனிவீட்டுக்கு விற்கப்படும் பண்டமாக ஆட்டம் மாறியமையே இதற்குக் காரணம்.

இவ்விரு வரிசைகளும் யப்பானுக்குச் சென்றன. யூஜி ஹொரி 1986இல் உருவாக்கிய ‘டிறாகன் குவெஸ்ற்’, விசாட்றியின் போர்முறையையும் அல்ரிமாவின் நாட்டுப்படத்தையும் எளிமையாக்கி, தொலைக்காட்சியோடு இணைக்கும் மலிவான விளையாட்டுக் கருவிக்கு ஏற்றவாறு தந்தது. அவ்வெளிமையே பின்னர் உலகின் பொதுவடிவமாயிற்று. இன்று கிளிநொச்சியில் ஓர் இளைஞரின் கைபேசியிற் காணப்படும் படிநிலை, அனுபவப் புள்ளி, பொன் நாணயம் ஆகியன இவ்வழி வந்தவையே.

பண்டமாதல் வடிவத்தை முற்றாக வறுமைப்படுத்திவிட்டது எனக் கூறுவதும் இயங்கியலுக்கு ஒவ்வாது. முரண்பாடு வடிவத்துக்குள்ளேயே தோன்றியது. கறியற் 1985இல் வெளியிட்ட நான்காவது அல்ரிமாவில் வெல்லப்படவேண்டிய கொடியவன் எவனும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் நிறைவெய்தி ‘அவதாரம்’ ஆதலே ஆட்டத்தின் இலக்கு. அவதாரம் என்னும் சொல்லும் எண்ணமும் இந்து சமயக் கருத்துலகிலிருந்து பெறப்பட்டவை. அங்கு மூலிகை விற்கும் பெண் கண்பார்வையற்றவள். கொடுக்கும் பணத்தை ஆடுபவரே எண்ணிக் கூறவேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவள் அறியாள், ஆட்டம் அறியும். கவர்தலையே வளர்ச்சியாகக் கொண்டிருந்த வடிவம் முதன்முறையாகத் தன்னைத்தானே வினவிய இடம் இது. ஆயின் அவ்வினாவுக்கும் விடை எண்ணாகவே வந்தது. கருணைக்கும் புள்ளி, பணிவுக்கும் புள்ளி. அறம் தனியொருவரின் சேமிப்புக் கணக்காகவே நின்றது.

படிநிலை என்னும் உத்திக்கும் மறுபக்கம் உண்டு. பிறப்பு ஒருவரின் நிலையைத் தீர்மானிக்கும் ஆங்கில வர்க்க சமூகத்துக்கு எதிராக, முயற்சியால் எவரும் உயரக்கூடிய உலகொன்றைக் காட்டுவதே தமது நோக்கம் எனப் பாட்டில் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். பொருள் திரட்டலின் ஏணியாகத் தோன்றுவது பிறப்புரிமைக்கு எதிரான ஏணியாகவும் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகின்றது. சாதியமைப்பின் கொடுமையை அறிந்த நமக்கு இக்கூற்றின் வலு தெளிவாகவே புரியும்.

5

இனி வன்னியை நோக்குவோம். இவ்வாட்டங்கள் உலகச் சந்தையிற் பரவிய காலமும் வன்னியிற் போர் வளர்ந்த காலமும் ஒன்றே. 1990 முதல் போர் முடியும் வரை கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் தேசிய மின்விநியோகத்துக்கு வெளியே இருந்தன. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் மக்கள் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எனவே இவ்வடிவம் இங்கு வந்து சேர்ந்தபோது அதற்கு வரலாறு இருக்கவில்லை. முடிந்த பண்டமாகவே அது வந்தது. வரலாறு தெரியாத பண்டம் இயற்கைப்பொருள் போலத் தோன்றும்.

ஆயின் பாத்திரமேற்றல் இந்நிலத்துக்குப் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாடு வேரூன்றிய முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து நெடுங்கால மரபு. அதன் முடிவு ஆடுபவர்க்கும் பார்ப்பவர்க்கும் முன்னரே தெரியும். கோவலன் வெட்டுண்பான், எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதனைத் தவிர்க்க முடியாது. பாத்திரமேற்பதன் பயன் வெல்வதில் இல்லை. தெரிந்த துயரத்தைக் கூட்டாக மீண்டும் கடந்து செல்வதிலேயே அது உள்ளது. கூத்தை இலட்சியமயப்படுத்தல் நமது கருத்தன்று. களரியில் யார் ஏறலாம், எவ்வேடம் புனையலாம் என்பதிற் சாதி குறுக்கிட்டது. பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்தனர். பாட்டில் கனவுகண்ட ஏணி அங்கு இருக்கவில்லை. ஒவ்வொரு வடிவமும் தன் சமூகத்தின் ஆற்றலையும் குறையையும் ஒருசேரச் சுமந்தே வருகின்றது.

இறப்பை இவ்வடிவங்கள் எவ்வாறு நினைவுகொள்கின்றன என்பதை ஒப்புநோக்குவது பயனுடையது. றோக் ஆட்டத்திற் பாத்திரம் இறந்தால் திரையில் ஒரு கல்லறை தோன்றும். பெயரும், சேர்த்த பொன்னின் தொகையும், கொன்றது எது என்பதும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். கற்சிலைமடுவிற் காலனித்துவ ஆட்சியினர் நாட்டிய கல்லும் இத்தகையதே. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி டிறிபேர்க் என்னும் அதிகாரி பண்டாரவன்னியனை அவ்விடத்தில் தோற்கடித்தான் என்பதே அது தாங்கிய செய்தி. யாரால், எப்போது, யாருக்கு வெற்றி என்னும் கணக்கு அது. இவற்றுக்கு மாறானது வன்னி நாட்டார் இலக்கியத்தில் வழங்கும் வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பற்றிய பாடல். யானையைப் பிடித்துக் கட்டிய பெண்ணின் வீரம் அங்கு ஒப்பாரி வடிவிலேயே பேணப்பட்டது. செயலின் பெருமை வென்ற பொருளால் அளக்கப்படவில்லை. அவளை இழந்தோரின் அழுகையால் அளக்கப்படுகின்றது.

பசி பற்றிய உதாரணம் இதனினும் கூர்மையானது. அக்கலபெத்தில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் உணவின் எண் குறையும். அது தீர்ந்தால் இறப்பு. உணவைக் கடையில் வாங்கலாம். இன்னொருவரோடு பகிர முடியாது. பகிர்வதற்கு அங்கு இன்னொருவர் இல்லை. 2009இன் முதல் மாதங்களில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்ற மக்களுக்குப் பசி எண்ணாக இருக்கவில்லை. அவர்களைக் காத்தது உப்புக்கஞ்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி காய்ச்சி வழங்கப்படுவது, ஒரு பானையைச் சுற்றிப் பலர் நின்றதை நினைவுகொள்வதற்காகவே. அடிதோறும் உணவு குறையும் நடை இரண்டிலும் உண்டு. ஆயின் பொதுப் பானை என்னும் எண்ணத்துக்கு இவ்வாட்டத்தின் விதிகளில் இடமில்லை.

6

இவ்வொப்பீட்டின் பயன் நமது படைப்பாளரை நோக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாகியுள்ளது. ஆட்டம் இயற்றும் நுட்ப ஆற்றல் இன்று இம்மண்ணிலேயே உண்டு. அத்தகைய முயற்சி தொடங்கும்போது முதலில் எழக்கூடிய ஆசை, பண்டாரவன்னியனின் கையில் வாளைக் கொடுத்து, வெட்டிய பகைவருக்கெல்லாம் அனுபவப் புள்ளி வழங்கும் ஆட்டமாக அமைப்பதாகவே இருக்கும். அதனைத் தமிழ் ஆட்டம் எனச் சிலர் பாராட்டவும் கூடும். ஆயின் பெயரும் உடையும் மாறினாலும் வடிவம் தன் விழுமியத்தைக் கூடவே கொண்டுவரும். ரொல்கினின் மாந்தர் கூலி வாள்வீரரானது போலவே வன்னியனும் பொன் திரட்டுபவன் ஆவான். உள்ளடக்கத்தை மட்டும் மாற்றி உருவத்தை அவ்வாறே விடுவது முற்போக்கு இலக்கியத்தில் நாம் நெடுங்காலம் விவாதித்த பிரச்சினை. இங்கும் அது அவ்வாறே எழுகின்றது.

மாற்றுக்கான வித்துகள் இவ்வடிவத்தின் வரலாற்றிலேயே கிடக்கின்றன. படையைக் கைவிட்டு மனிதனைக் கொடுத்த பிறவுண்ஸ்ரைன், விதிக்கு வெளியே பேச இடந்தந்த நடுவர், ஒருவர் எழுதியதைப் பலர் விரித்த பல்கலைக்கழக முனையம், குருட்டு விற்பனையாளின் முன்னே ஆடுபவரை நிறுத்திய நான்காவது அல்ரிமா ஆகியன சந்தை முற்றாக விழுங்காத கூறுகள். இவற்றோடு, முடிவு தெரிந்தும் ஆடும் கூத்தையும், வீரத்தை அழுகையாற் பேணும் ஒப்பாரியையும், பகிர்தலை உயிர்காக்கும் விதியாகக் கொண்ட கஞ்சிப் பானையையும் வைத்து எண்ணுதல் வேண்டும். கூத்தைச் சாதிக் கட்டிலிருந்து விடுவித்து எண்ணுதலும் அதனுள் அடங்கும்.

அதற்கு முதற்படி ஆய்வு. வன்னியின் கூத்துப் பிரதிகளும் நாட்டார் பாடல்களும் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. போரில் அழிந்தனவும் பல. அவற்றைப் பழம்பொருளாக மட்டும் பேணாமல், ஆட்டத்தின் விதிகளாகவும் வாசிக்கும் பயிற்சி தமிழ்த்துறைகளில் உருவாதல் வேண்டும். யார் பேசுகிறார், யாருக்குப் பேச்சு மறுக்கப்படுகிறது, எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் விடப்படுகிறது என்னும் வினாக்களைக் கூத்தின் களரியிலும் கணினித் திரையிலும் ஒருங்கே எழுப்பக்கூடிய திறனாய்வே இன்றைய தேவை. பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இவ்வினாக்களை விவாதிக்கும்போதுதான், கணினிக்கு மாறியபோது இவ்வடிவம் இழந்த உரையாடல் அதற்கு மீளக் கிடைக்கும்.